நெசவாளர் சங்கமும் ஒரு மூட்டை ஓட்ஸ் மாவும்



கூட்டுறவின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கடையிலிருந்தே கூறுவர். ஆனால் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, ஸ்காட்லாந்தின் ஃபென்விக் என்னும் சிற்றூரில் கைத்தறி நெசவாளர்கள் சிலர் இவ்வழியில் அடியெடுத்து வைத்துவிட்டனர்.

1761 மார்ச் 14 அன்று அவர்கள் ஓர் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். தமக்குள்ளும் வேலை கொடுப்போரிடமும் நேர்மையாக நடப்பது, தரமாக நெய்து கொடுப்பது, சுற்றுவட்டாரத்தில் வழங்கும் விலையைவிடக் கூட்டியும் கேட்பதில்லை, குறைத்தும் வாங்குவதில்லை என்பன அதன் முக்கிய விதிகளாகும். கூட்டிக் கேட்பது அநீதி. குறைப்பதை ஏன் தடுத்தார்கள்? ஒருவர் குறைத்தால் அடுத்த தறிக்காரரும் குறைத்தே ஆகவேண்டும். முடிவில் தறி ஓடும், அடுப்பு எரியாது! உறுப்பினர் செலுத்திய பணம் பொதுப்பெட்டியில் சேர்ந்தது. ஏழைகளுக்கும் அதிலிருந்து உதவினர்.

1769இல் அப்பெட்டிப் பணத்தைக் கொண்டு உணவுப் பொருளை மொத்தமாக வாங்கி, மலிவாக விற்கத் தீர்மானித்தனர். அப்பகுதி மக்களின் அன்றாட உணவான ஓட்ஸ் மாவு மூட்டை ஒரு வீட்டின் முன்னறையில் வந்திறங்கிற்று; அவ்வறையே கடையாயிற்று. நாளடைவில் உறுப்பினருக்குக் கடனுதவியும் கிடைத்தது. 1808இல் நூலகமும் அமைந்தது.

பின்னர் விசைத்தறி ஆலைகள் பெருகின; கைத்தறி நலிந்தது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்து குடியேறுவோருக்கு உதவ, 1839இல் அவ்வூரில் தனிச் சங்கமே தோன்றிற்று. 1873இல் நெசவாளர் சங்கம் கலைக்கப்பட்டது. நேர்மையும் ஒற்றுமையும் இருந்தும் அவர்களால் இயந்திரத்தை வெல்ல இயலவில்லை என்பது உண்மையே. எனினும், எளிய தறிக்காரர்களின் சங்கம் 112 ஆண்டுகள் நிலைத்ததும் உண்மையன்றோ?

இவற்றையெல்லாம் இன்று நாம் அறிவது எவ்வாறு? அவர்கள் தம் தீர்மானங்களை ஏட்டில் எழுதி வைத்தார்கள். அவ்வேடு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தறிகள் மறைந்தன, மாவு மூட்டை தீர்ந்தது, எழுதி வைத்த ஏடு மட்டும் அவர்களுக்காகச் சாட்சி சொல்கிறது.

பொதுப்பணம் அமானிதம். அதற்கு எழுத்தும் கணக்கும் காவல். இந்த ஆண்டறிக்கையின் வரவு செலவுப் பக்கங்களைப் பலரும் படிக்காமலே புரட்டிவிடுவதுண்டு. இனி அவற்றை வரி விடாமல் படியுங்கள், ஐயமிருப்பின் கேளுங்கள். கேட்கும் உறுப்பினரும் காட்டும் நிர்வாகமும் இருக்கும்வரை எந்தச் சங்கமும் தழைக்கும்.