வராதவரும் வர இயலாதவரும்: மனஅழுத்த விடுப்புக்குப் பிந்தைய ஒழுங்கு விசாரணை, தூத்துக்குடியை முன்வைத்து

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டது வாராந்தர விடுமுறையும் பிற விடுப்பு வசதிகளும். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்ற அந்தப் போராட்டத்துக்கு மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. ஓய்வு தொழிலாளியின் உரிமை என்பதை அவ்வளவு முன்பே பேசிய ஊர் இது. ஆனால் மனம் நொந்து விடுப்பில் போன ஒருவர் திரும்பி வரும்போது அவரை எப்படி எதிர்கொள்வது என்பதில், நூறாண்டுக்கு மேலாகியும் இங்கு மட்டுமல்ல, நாட்டில் எங்குமே தெளிவு பிறக்கவில்லை. மெடிக்கல் லீவ் முடிந்து தகுதிச் சான்றோடு வருபவர் கையில் அதே வாரத்தில் சார்ஜ் மெமோ கொடுக்கப்படுகிறது. அடுத்து உள்விசாரணை. மருத்துவர் வேலைக்குத் தகுதி என்று எழுதியதையே, விசாரணையைத் தாங்கவும் தகுதி என்று நிர்வாகம் எடுத்துக்கொள்கிறது.

இந்த வரிசை தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். பணிக்கு வராமை வேண்டுமென்றே நிகழ்ந்ததா என்பது முதலில் மருத்துவக் கேள்வி. அதற்கு விடை கண்ட பிறகே ஒழுங்குக் கேள்வி எழ முடியும். இதற்குச் சட்ட ஆதாரம் தேடுவோர் இப்போதெல்லாம் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தையே நாடுகிறார்கள். மனஅழுத்த விடுப்பைப் பொறுத்தவரை அதைவிட உறுதியான தரை வேறிடத்தில் இருக்கிறது.

முதலில், மெமோ வாங்குபவர் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார் என்று பார்க்க வேண்டும். துறைமுக ஆணையத்தின் நிரந்தர ஊழியருக்குத் தனி ஒழுங்கு விதிமுறைகள் உண்டு. மாநில அரசு ஊழியருக்கு '17பி' என்று எல்லா அலுவலகங்களிலும் அச்சத்தோடு சொல்லப்படும் விதி. பெரிய ஆலைத் தொழிலாளிக்கு நிலையாணைகள். கப்பல் முகவர் அலுவலகத்திலோ சுங்க முகவர் அலுவலகத்திலோ கணினி முன் இரவு பகலாக உட்கார்ந்திருக்கும் இளைஞருக்கு 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். ஆண்டுக்கு 12 நாள் நோய் விடுப்பு. ஒரே ஊரில் வேலை செய்யும் நான்கு பேருக்கு நான்கு விதமான பாதுகாப்பு. ஐந்தாமவரான ஒப்பந்தத் தொழிலாளிக்கு மெமோகூட வருவதில்லை. மறுநாள் ஷிப்டுக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டாலே போதும்.

வராமை பற்றிய தீர்ப்புகளின் வரலாறு சென்னைப் பெரம்பூரில் இருந்த பக்கிங்காம் கர்னாடிக் ஆலையின் வழக்கிலிருந்து தொடங்குவது பொருத்தம். தொடர்ந்து எட்டு வேலைநாள் அனுமதியின்றி வராதவர் தாமாகவே வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்றது அந்த ஆலையின் நிலையாணை. நோய்க்காலத்தில் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது என்றது 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் 73ஆம் பிரிவு. இரண்டும் மோதியபோது உச்ச நீதிமன்றம் நிலையாணையின் பக்கம் நின்றது. தானாக நிகழும் பணி முடிவு அந்தப் பிரிவு தடுக்கும் தண்டனை ஆகாது என்பது 1964இல் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான அந்தத் தீர்ப்பின் சாரம். காய்ச்சலில் கிடந்தவரும் வேலை வேண்டாமென்று போனவரும் அந்தக் கணக்கில் ஒன்று. இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1993இல், டி.கே.யாதவ் வழக்கில் இந்த இறுக்கம் தளர்ந்தது. நிலையாணையில் எப்படி எழுதியிருந்தாலும், ஒருவரது தரப்பைக் கேட்காமல் அவர் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிட முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. இன்று நடக்கும் விசாரணைகள் அந்த வெற்றியின் பலன் என்பதை நான் மறக்கவில்லை. விசாரணையே கூடாது என்பது என் வாதமும் அல்ல.

அடுத்த படி 2012இல் வந்தது. கிருஷ்ணகாந்த் பர்மார் வழக்கில் உச்ச நீதிமன்றம், அனுமதியற்ற வராமை என்று குற்றம் சாட்டும் நிர்வாகம் அது வேண்டுமென்றே செய்யப்பட்டது என்பதையும் நிரூபிக்க வேண்டும் என்றது. நோய், விபத்து, மருத்துவமனையில் சேர்க்கப்படுதல் போன்ற கட்டாயச் சூழல்களால் வர இயலாமல் போனால் அது நடத்தைக் குற்றமாகாது. நிரூபிக்கும் சுமையை நிர்வாகத்தின் தோளில் வைத்த தீர்ப்பு இது. நான் மேலே சொன்ன தரை இதுதான்.

ஆனால் இந்தத் தரையிலும் ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்கொன்றில். சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறியாளர் ஒருவர் ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகப் பணிக்கு வராத வழக்கில், 2014இல் உச்ச நீதிமன்றம் பர்மார் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்று விலக்கியது. வராமை வேண்டுமென்றே நிகழ்ந்ததா என்பதை அந்தந்த வழக்கின் சூழலே தீர்மானிக்கும் என்றது. உடல்நலமின்றி இருந்த காலத்தில் நிர்வாகம் அனுப்பிய கடிதங்களுக்கு அவர் பதில் தரவில்லை என்பது அவருக்கு எதிராக எண்ணப்பட்டது. அவருக்கு எந்த நோய் என்பது இங்கே பேச்சல்ல. அந்த வழக்கில் அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். என் கவலை அந்த அளவுகோலைப் பற்றியது. மஞ்சள்காமாலையில் படுத்திருப்பவர் மகனிடம் சொல்லி ஒரு கடிதம் எழுதிவிட முடியும். மனச்சோர்வில் இருப்பவருக்கு உறையைப் பிரிப்பதே பெரும்பாடு. தொலைபேசி மணியடித்தால் நெஞ்சு படபடக்கும்; அலுவலக முத்திரை பதித்த பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்கவே கை வராது. நோயின் அறிகுறியாக வரும் மௌனத்தைப் பிடிவாதத்தின் சான்றாக எடுத்துக்கொண்டால், நோய் முற்ற முற்றக் குற்றமும் கனத்துக்கொண்டே போகும். உடல் நோய்க்கு நேராத இந்த அநீதி மனநோய்க்கு மட்டும் நேர்கிறது.

மாற்றுத்திறனாளர் உரிமை வழி இதைத் தீர்க்காதா? 2021 டிசம்பரில் ரவீந்தர் குமார் தாரிவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் மிகத் துணிந்த தீர்ப்பொன்றைத் தந்தது. மத்திய ரிசர்வ் காவல் படையின் அந்த அதிகாரி எண்ணச் சுழல் நோயாலும் மனச்சோர்வாலும் பாதிக்கப்பட்டவர். நடத்தைக் குற்றத்துக்கு மனநலக் குறைபாடு ஒரு காரணமாக இருந்தாலே போதும், அதுவே முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அத்தகையவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை மறைமுகப் பாகுபாடு ஆகும் என்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு கூறியது. இதைவிடத் தெளிவாக ஒரு நீதிமன்றம் பேச முடியாது. எனினும் அவருக்கு இருந்தது 40 முதல் 70 விழுக்காடு நிரந்தரக் குறைபாடு. 2016ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டையே வரையறைக்குள் கொண்டுவருகிறது. பணியிலிருப்போரை வேலையிலிருந்து நீக்கத் தடை சொல்லும் 20(4)ஆம் பிரிவோ அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. மேலதிகாரியின் தொல்லையாலோ ஓயாத இரவு ஷிப்டாலோ நொடிந்து இரண்டு மாதம் மருந்தெடுத்துத் தேறி வந்தவர் இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறார். தேறிவிட்டார் என்பதே அவருக்குப் பாதகமாகிறது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்திலும் இதே இடைவெளி. சாதாரண நோய்ப்பயன் 91 நாளுக்கு, ஊதியத்தில் 70 விழுக்காடு. நீட்டித்த பயனுக்கான 34 நோய்களின் பட்டியலில் மனச்சிதைவும் உள்ளார்ந்த மனச்சோர்வும் உண்டு. பணியால் வந்த மனஅழுத்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் தன் பதினோராம் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோயாக அல்ல, தொழில்சார் நிகழ்வாகவே குறித்திருக்கிறது. ஆகவேதான் நிலையான குறைபாட்டை நிரூபிக்கச் சொல்லாத, வர இயன்றதா இல்லையா என்று மட்டும் கேட்கும் பர்மார் தீர்ப்பு இவர்களுக்கு நெருக்கமானது என்கிறேன்.

பணியிடத்து அச்சத்தைக் குற்றமாகப் பார்க்காத மரபு ஒன்று இந்தக் கரையிலேயே இருந்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டியின் உறுதி கிடைக்காமல் குளியாட்கள் நீரில் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இல்லை; ஆனாலும் அரசே அவருக்கு ஊதியம் கொடுத்து வைத்திருந்தது. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னலும் எழுதியவற்றில் இந்த ஏற்பாடு பதிவாகியிருக்கிறது. இதைக் கருணை என்று புகழ நான் வரவில்லை. சிப்பியில் பெரும்பங்கு அரசுக்குப் போனது, குளியாட்கள் இறங்காவிட்டால் வருமானம் இல்லை. ஆனால் ஒன்று உறுதி: பயந்தவனைப் பார்த்து உன் பயம் பொய் என்று சொல்லி அரசு தண்டிக்கப் புறப்படவில்லை. அச்சத்தைத் தொழிலின் ஒரு நிபந்தனையாக ஏற்று, அதற்கு ஒரு ஆளை நியமித்தது. முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நின்றுபோயிற்று. அந்த நடைமுறை அறிவும் அதோடு போய்விட்டதுபோல் தெரிகிறது.

நிர்வாகத் தரப்பின் மறுப்பு எளிதில் தள்ளக்கூடியது அல்ல. காசு கொடுத்தால் மெடிக்கல் சான்று கிடைக்கும் என்பார்கள். ஒருவர் வராவிட்டால் அவர் சுமை பக்கத்து இருக்கைக்காரர் தலையில் விழும் என்பார்கள். இரண்டும் உண்மை. சான்றில் ஐயம் இருந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்ப வழி இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நகருக்குள்ளேயே இருக்கிறது. சான்று பொய்யென்று சொல்லும் தகுதி மருத்துவருக்கு உண்டு. கணக்குப் பிரிவிலிருந்தோ போக்குவரத்துப் பிரிவிலிருந்தோ வந்த விசாரணை அலுவலருக்கு இல்லை. அதோடு, 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சிகிச்சை பற்றிய தகவல்களுக்கு இரகசியக் காப்பு தருகிறது. சக ஊழியர்கள் சாட்சிகளாக அமர்ந்திருக்கும் அறையில் ஒருவரது மாத்திரைச் சீட்டை உரக்கப் படிப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது. மருத்துவக் கருத்து மூடிய உறையில் வரட்டும். அதில் வர இயன்றவரா இல்லையா, விசாரணையைத் தாங்குவாரா மாட்டாரா என்ற இரண்டு விடைகள் மட்டும் இருந்தால் போதும்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு இந்தக் கவலையைக் கூட்டுகிறது. நிலையாணைகள் 300 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களுக்கே கட்டாயம் என்றாகிவிட்டது; முன்பு அந்த வரம்பு 100. சரக்கு நிலையங்களிலும் முகவர் அலுவலகங்களிலும் சிறு எண்ணிக்கையில் வேலை செய்வோருக்கு, குற்றம் எது, விசாரணை எப்படி என்று எழுதிவைத்த தாளே இல்லாமல் போகலாம். அவர்களுக்கும் செல்லும்படியான விதியை மாநில அரசு தன் விதிகள் வழியாகவே வகுக்க வேண்டும்: மனநலக் காரணத்துக்காக விடுப்பில் இருந்தவர்மீது, வராமை பற்றிய குற்றச்சாட்டு மருத்துவக் கருத்து பெறாமல் எழுப்பப்படக் கூடாது, விடுப்புக் காலத்தில் பதில் தராமையைத் தனிக் குற்றமாகச் சேர்க்கக் கூடாது.

அந்த விதி வரும்வரை தொழிற்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் உறுப்பினர் ஒருவர் மனநலக் காரணத்துக்காக விடுப்பில் இருக்கிறார் என்று தெரிந்தால், மெமோ வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவர் வீட்டுக்குப் போங்கள். பிரிக்காமல் கிடக்கும் கடிதங்களை அவர் சம்மதத்தோடு பிரித்து, இவர் சிகிச்சையில் இருக்கிறார், பதில் தர அவகாசம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு நாலு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். 2014 தீர்ப்பின் முன் நிற்க நேர்ந்தால், அந்த நாலு வரியே அவருக்குப் பாதுகாப்பு.