பஞ்சம் நதியிலா, கருவூலத்திலா?

ஓர் அரசின் செல்வ நிலையைச் செழிப்பான நாளில் அளந்து பார்ப்பதால் பயனில்லை. ஆறு வற்றி, விளைச்சல் பொய்த்து, நோயும் போரும் ஒருசேர வந்துற்ற காலத்தில்தான் கருவூலத்தின் உண்மையான வலிமை வெளிப்படும். அத்தகைய நாளில் ஆள்வோர் எதைச் செய்தனர், எதைச் செய்யாது விட்டனர் என்பதைப் பொறுத்தே நாடுகள் பிழைத்தும் அழிந்தும் வந்துள்ளன. இவ்வுண்மையை எகிப்தின் வரலாற்றைப் போல் தெளிவாக எடுத்துரைக்கும் வரலாறு வேறொன்று இருத்தல் அரிது.

எகிப்துக்கு மழை இல்லை. நைல் நதியே அதற்கு மழை. அக்காலத்தில் ஆண்டுதோறும் கோடையில் பெருகிய வெள்ளம் வயல்களில் பரவி வண்டலை விட்டுச் சென்றது. வெள்ளம் குறைந்தால் நிலம் காய்ந்தது. மிகுந்தால் ஊர் மூழ்கியது. ஆதலால் நதியின் உயரத்தை அளப்பது அந்நாட்டில் அரசுப் பணியாகவே இருந்துவந்தது. அப்பாஸியக் கலீஃபா முதவக்கில் காலத்தில், கி.பி. 861இல், ரவ்ளாத் தீவில் எழுப்பப்பெற்ற நைல் அளவுமானியை இன்றும் கெய்ரோவில் காணலாம். அதன் நடுவிலுள்ள தூணில் முழக் கணக்குப் பொறிக்கப்பட்டுள்ளது. வெள்ளம் பதினாறு முழத்தைத் தொட்டால்தான் அவ்வாண்டு நிலவரி உரியதாகும் என்பது பழைய வழக்கு. நதி தராததைக் குடியானவனிடம் கேட்கலாகாது என்னும் நீதி அத்தூணிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

சாம்பல் ஆண்டின் முன்மாதிரி

எகிப்துக்குள் நுழையுமுன் மதீனாவை ஒரு கணம் நினைவுகூர்வோம். ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஹிஜாஸ் பகுதியில் மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் மூண்டது. மண் சாம்பலாய்ப் பறந்தமையால் வரலாற்றாசிரியர்கள் அதனைச் ‘சாம்பல் ஆண்டு’ என்றே அழைத்தனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவ்வாண்டு ஜகாத் வசூலைத் தள்ளிவைத்தார்கள். செழிப்பு திரும்பிய பின்னரே இரண்டாண்டுப் பங்கையும் சேர்த்துப் பெறச் செய்து, அதில் ஒரு பங்கை அந்தந்த ஊர் ஏழைகளுக்கே பிரித்தளிக்கப் பணித்தார்கள். பிற மாநில ஆளுநர்களிடமிருந்து உணவுப் பொருள் வரவழைத்தார்கள். மக்கள் பசியாறும் வரை நெய்யையும் இறைச்சியையும் தாமும் தொடாதிருந்தார்கள்.

இந்நிகழ்ச்சியை உமர் (ரலி) அவர்களின் எளிமைக்குச் சான்றாக மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அதிலுள்ள நிதி நுட்பத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வரியை அவர்கள் நீக்கவில்லை. அதன் காலத்தை மாற்றினார்கள். குடிமகனின் கையில் ஆடும் ஒட்டகமும் எஞ்சியிருந்தால்தான் அடுத்த ஆண்டு அவன் கொடுக்க இயலும் என்பதை உணர்ந்திருந்தார்கள். துயர் தீர்ந்ததும் அவர்கள் வாளாவிருக்கவுமில்லை. எகிப்து வசமான பின், அதன் ஆளுநர் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களைக் கொண்டு, தூர்ந்து கிடந்த பழங்கால்வாயைத் தோண்டச் செய்து நைலைச் செங்கடலோடு இணைத்தார்கள். எகிப்தின் தானியம் கப்பல் வழியே ஹிஜாஸுக்கு வந்து சேர்ந்தது.

காலியான களஞ்சியம்

நான்கு நூற்றாண்டுகள் கழித்து அதே எகிப்தில் நாம் காணும் காட்சி வேறு. ஃபாத்திமிய்யர் ஆட்சியில் அரசு ஆண்டுதோறும் ஓர் இலட்சம் தீனாருக்குத் தானியம் வாங்கிக் களஞ்சியத்தில் வைத்து விற்பது வழக்கம். யாஸூரி என்னும் வஸீர் இதில் ஒரு குறை கண்டார். தானியத்தின் விலை இறங்கினால் அரசுக்கு நட்டம்; நாளானால் அது உளுத்துப் போகும். ஆகவே அதை விடுத்து மரம், சோப்பு, இரும்பு, ஈயம், தேன் முதலிய கெடாத பொருள்களை வாங்கலாம் என்றார். கணக்கேட்டில் அது சிக்கனமாகவே தோன்றியது. ஆனால் நைல் வெள்ளம் குறைந்த ஆண்டில் களஞ்சியத்தில் மக்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. இரும்பையும் ஈயத்தையும் உண்ண முடியுமா? கான்ஸ்டான்டிநோபிளின் மன்னரிடம் தானியம் கேட்டு உடன்பாடு செய்தனர். 1055இல் அம்மன்னர் இறந்தார். அவருக்குப் பின் வந்த அரசி தமக்குப் படைத்துணை தரவேண்டும் என நிபந்தனை விதிக்கவே, தானியம் வரவில்லை.

அதன்பின் வந்ததே கலீஃபா முஸ்தன்ஸிர் காலத்து ஏழாண்டுப் பெருந்துயர் (1065–1072). நைல் குறைந்தது ஒருபுறம். துருக்கிப் படையினரும் சூடானியப் படையினரும் தலைநகரிலேயே மோதிக்கொண்டது மறுபுறம். வென்ற துருக்கிப் படையினர் மாதம் 28,000 தீனாராக இருந்த தம் ஊதியத்தை 4,00,000 தீனார் வரை உயர்த்திக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். வயல் விளையாத நாட்டில் இத்தொகை எங்கிருந்து வரும்? அரண்மனைப் பொக்கிஷங்கள் விற்கப்பட்டன. புகழ்பெற்ற நூலகம் சூறையாடப்பட்டது. இறுதியில் கலீஃபா ஒரு பாயில் அமர்ந்து, அறிஞர் ஒருவரின் மகளார் நாள்தோறும் அனுப்பிய உணவை உண்டு உயிர்வாழ்ந்தார் என்கின்றனர்.

இந்நிலையை மாற்றியவர் பத்ருல் ஜமாலி. அக்காவிலிருந்து கலீஃபாவால் அழைக்கப்பெற்று எகிப்துக்கு வந்த இத்தளபதி, கலகப் படைத்தலைவர்களை இரக்கமின்றி ஒடுக்கினார். ஆனால் உழவரிடம் அவர் நடந்துகொண்ட முறை வேறு. மூன்றாண்டுகளுக்கு நிலவரியைத் தள்ளுபடி செய்தார். ஓடிப்போன குடிகள் திரும்பினர், ஏர் பூட்டினர். அவர் ஆட்சியின் இறுதிக் காலத்தில் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 31 இலட்சம் தீனாரை எட்டியது. விட்டுக்கொடுத்த வரியே பின்னர் விதைநெல்லாக முளைத்தது.

ஓரிரவில் எழுதிய நூல்

இப்பழங்கதைகளையெல்லாம் தொகுத்து, அவற்றின் காரணங்களை ஆராய்ந்தவர் தகியுத்தீன் மக்ரீஸி. 1364இல் கெய்ரோவில் பிறந்த இவர், இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர். மம்லூக் சுல்தான் பர்கூக் 1399இல் இவரை முஹ்தஸிபாக நியமித்தார். அளவையும் எடையையும் சரிபார்த்து, கடைத்தெருவின் நேர்மையைக் காக்கும் பதவி அது. ஆகவே ஏட்டறிவோடு அங்காடி அறிவும் அவருக்கு வாய்த்திருந்தது.

1403இல் நைல் மீண்டும் பொய்த்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பெருங்கொள்ளைநோய் மக்கள் தொகையைக் குறைத்திருந்தது. 1400–1401இல் தைமூர் சிரியாவைச் சூறையாடிச் சென்றிருந்தார். இளம் சுல்தான் ஃபரஜின் அவையில் அமீர்கள் ஒருவரையொருவர் வீழ்த்திக்கொண்டிருந்தனர். விலை ஏறியது, நோய் பரவியது, மக்கள் மடிந்தனர். இத்தகைய துயர் முன்னெப்போதும் வந்ததில்லை, இனித் தீரவும் தீராது என்று மக்கள் மனமொடிந்து கிடந்தனர். அந்நிலையில் ஹிஜ்ரி 808ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 1405) மக்ரீஸி ஒரு சிறு நூலை எழுதினார். அதனை ஒரே இரவில் முறைப்படுத்தி முடித்ததாக அவரே குறிப்பிடுகிறார். ‘இகாஸத்துல் உம்மா பி கஷ்ஃபில் கும்மா’ என்பது அதன் பெயர். சமுதாயத்தின் துயரைத் துலக்கி அதற்குக் கைகொடுத்தல் என்பது அப்பெயரின் கருத்து.

பஞ்சங்கள் முன்பும் வந்துள்ளன என்று அவர் பட்டியலிட்டுக் காட்டுகிறார். பின்னர், நதி குறைவது இயற்கை. ஆனால் நதி மீண்டும் பெருகிய பின்னரும் துயர் நீங்காமல் இருப்பதற்குக் காரணம் ஆட்சியே என்று துணிந்து கூறுகிறார். அக்காரணங்களை மூன்றாக வகுக்கிறார்.

முதலாவது, பதவி விற்பனை. வஸீர் பதவி, காழி பதவி, மாநில ஆளுநர் பதவி, முஹ்தஸிப் பதவி என யாவும் கையூட்டுக்கே கிடைத்தன. கையில் பொருளில்லாதவன் கடன்பட்டுப் பதவியை வாங்கினான். அக்கடனை அடைக்கக் குடிகளைப் பிழிந்தான். வேறொருவன் மிகுதியாகக் கொடுத்ததும் இவன் நீக்கப்பட்டான். வந்தவனும் அதையே செய்தான். இடையில் ஊர்கள் காலியாயின.

இரண்டாவது, நிலக்குத்தகை உயர்வு. அமீர்களுக்கு மானியமாக அளிக்கப்பட்ட நிலங்களில் அவர்தம் ஆட்கள் ஆண்டுதோறும் குத்தகையை உயர்த்தினர். முன்னிருந்ததைப் போல் அது ஏறத்தாழப் பத்து மடங்காயிற்று என்கிறார் மக்ரீஸி. விதையும் கூலியும் விலையேறிய காலத்தில் குத்தகையும் ஏறினால் உழவன் என் செய்வான்? நிலத்தை விட்டு ஓடினான். நிலம் தரிசாயிற்று, வருவாய் இன்னும் சுருங்கிற்று.

மூன்றாவது, செப்புக் காசு. ஃபுலூஸ் எனப்படும் செப்புக் காசு, கீரையும் உப்பும் வாங்கும் சில்லறைத் தேவைக்காகத் தோன்றியது. பர்கூக்கின் அதிகாரியான மஹ்மூத் இப்னு அலீ, ஐரோப்பாவிலிருந்து செம்பை வரவழைத்து அளவின்றி அச்சடித்தார். மலிந்த செம்பைக் காசாக்கினால் கருவூலத்துக்கு உடனடி இலாபம். வெள்ளியோ நாணயச் சாலையை விட்டு நீங்கி, அமீர்களின் பாத்திரங்களிலும் குதிரைச் சேணங்களிலும் போய் ஒளிந்துகொண்டது. நாளடைவில் செப்புக் காசை எண்ணி வாங்குவது போய், நிறுத்து வாங்கும் நிலை வந்தது. பண்டங்களின் விலையைப் பொன்னில் கணக்கிட்டால் பெரிதும் ஏறவில்லை, செப்பில் கணக்கிட்டால்தான் வானளாவ நிற்கிறது என்று மக்ரீஸி எடுத்துக்காட்டுகிறார். மக்களின் அச்சத்துக்கிடையே இக்கணக்கை அமைதியாகப் போட்டுப் பார்த்த அவ்வறிஞரின் தெளிவு வியப்புக்குரியது.

யார் மீது விழுந்தது சுமை?

அவர் இதனோடும் நிற்கவில்லை. எகிப்திய மக்களை ஏழு வகுப்பினராகப் பிரித்து, ஒவ்வொருவர் மீதும் இச்சுமை எவ்வாறு விழுந்தது என்று ஆராய்கிறார். ஆள்வோர் தம் வருவாய் பெருகியதாக எண்ணி மகிழ்ந்தனர். கையில் வந்த செப்புக்கு மதிப்பில்லை என்பதை உணரவில்லை. வணிகர் இலாபம் கண்டதாக நினைத்து முதலை இழந்தனர். சிறு கடைக்காரர் அன்றாடம் கிடைத்ததை அன்றன்றே உண்டு காலம் கழித்தனர். நீர்வளம் வாய்த்த சில நிலக்காரர் செழித்தாலும் உழவருட் பெரும்பாலோர் அழிந்தனர். கைவினைஞரின் கூலி உயர்ந்தது. ஆனால் அவர்களில் பலர் மாண்டபின் எஞ்சியோர் சிலரே என்பதால் வந்த உயர்வு அது. வறியவர் பசியாலும் குளிராலும் மடிந்தனர். மத்ரஸாக்களில் நிலையான உதவித்தொகை பெற்று வாழ்ந்த அறிஞரும் மாணவரும் மிகத் துன்புற்றனர். அவர்கள் பெற்ற திர்ஹம்களின் எண்ணிக்கை குறையவில்லை. அவற்றால் வாங்கக்கூடிய ரொட்டிதான் குறைந்தது. மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் நம்பி வாழும் இக்காலக் குடும்பங்களுக்கு இவ்வரிகளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காசின் மதிப்பைக் குறைப்பதும் ஒரு வரியே. அதை விதிக்கும் ஆணை எழுதப்படுவதில்லை, அவ்வளவே.

மக்ரீஸியின் கூற்று முழுவதையும் பிற்கால ஆய்வாளர் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்நூற்றாண்டில் வெள்ளித் தட்டுப்பாடு எகிப்துக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் அது நிலவியது. கொள்ளைநோய் உழுவோரையே குறைத்துவிட்டதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பதும் உண்மையே. பொன்னும் வெள்ளியுமே பணம் என்னும் அவர் கொள்கை இன்றைய உலகுக்குப் பொருந்தாது. ஆயினும், துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணம் அறிந்தால் பரிகாரமும் உண்டு என்று அவர் காட்டிய வழி பழமையாகிவிடவில்லை.

அவர் வாழ்நாளிலேயே சீர்திருத்தமும் நிகழ்ந்தது. சுல்தான் முஅய்யத் ஷைகு 1415இல் நல்ல வெள்ளி நாணயம் வெளியிட்டார். 1425இல் சுல்தான் பர்ஸ்பாய் அஷ்ரஃபீ எனும் பொற்காசை அச்சிட்டார். ஆனால் அதே பர்ஸ்பாய், இந்தியக் கரையிலிருந்து செங்கடல் வழியே வந்த மிளகு முதலிய நறுமணப் பொருள்களின் வாணிகத்தை அரசின் ஏகபோகமாக்கிக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக அதில் ஈடுபட்டிருந்த காரிமீ வணிகர் நலிந்தனர். 1498இல் போர்த்துக்கீசியர் கள்ளிக்கோட்டைக்குக் கடல்வழி கண்டு வந்தபோது அவ்வருவாய்க்கும் ஆபத்து வந்தது. 1517இல் மம்லூக் அரசே உஸ்மானியரிடம் வீழ்ந்தது.

இப்னு கல்தூன் தம் முகவுரை நூலில் ஆட்சிகளின் இளமையையும் முதுமையையும் பற்றி எழுதியுள்ளார். இளமையில் வரி விகிதம் குறைவு, வருவாய் மிகுதி. முதுமையில் வரி விகிதம் மிகுதி, வருவாய் குறைவு என்பது அவர் கருத்து. அம்முதுமையைத் தம் மாணவர் ஓர் இரவில் எழுத்தில் வடித்ததற்கு மறு ஆண்டு, 1406இல், அவர் கெய்ரோவிலேயே காலமானார்.

இவ்வரலாறு முழுவதும் ஒரே வினாவை எழுப்புகிறது. நெருக்கடி வரும்போது அதன் செலவை யார் ஏற்பது? சாம்பல் ஆண்டில் கருவூலம் ஏற்றது. பத்ருல் ஜமாலியின் மூன்றாண்டுகளிலும் கருவூலமே ஏற்றது. இரண்டிலும் நாடு பிழைத்தது, கருவூலமும் மீண்டும் நிரம்பியது. ஃபரஜின் காலத்திலோ பதவியை விற்றும், குத்தகையை உயர்த்தியும், செம்பை அச்சிட்டும் அச்சுமை உழவன் முதுகிலும் மாணவனின் தட்டிலும் இறக்கப்பட்டது. நைல் அடுத்த ஆண்டுகளில் மீண்டும் பெருகத்தான் செய்தது. உழுவதற்கு ஆளில்லாத வயல்களில் அது வீணே பரவி வடிந்தது.