விருந்து, பந்தி, சமபந்தி

‘டேஸ்டிங் மெனு’ எனப்படும் பல்சுவை விருந்தில் பத்துப் பன்னிரண்டு சிற்றுணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேசைக்கு வருகின்றன. எது முன், எது பின் என்பதே அதன் கலை. இம்முறை ஐரோப்பாவிலும் தொன்மையானதன்று. எல்லாவற்றையும் ஒருங்கே பரப்பிவைக்கும் பிரெஞ்சு வழக்கம் பின்னடைந்து, ஒவ்வொன்றாகப் பரிமாறும் ரஷ்ய முறை அங்கு பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். கேரளத்துச் சத்யாவில் இவ்விரண்டும் உண்டு. தொடுகறிகள் இலையில் முன்னரே இடம்பிடிக்கின்றன. பருப்பும் நெய்யும், சாம்பார், பாயசம், மோர் என்பன முறைவைத்து வருகின்றன. ஆயினும் தென்னிந்திய வரலாற்றில் பூசலை விளைவித்தது உணவின் வரிசையன்று, உண்போரின் வரிசையே.

இதற்கான சான்று சொற்களிலேயே இருக்கிறது. ‘விருந்து’ என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியம் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கும் அதுவே பெயர். புதுமையைக் குறித்த சொல் புதிதாய் வந்தவரையும், பின்னர் அவர்க்கு இடும் உணவையும் குறிக்கலாயிற்று. அறியாதவரை வரவேற்கும் சொல் அது. ‘பந்தி’யோ வரிசை எனப் பொருள்படும் ‘பங்க்தி’ என்னும் வடசொல்லின் திரிபு. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம் சிராத்த உணவுக்கு அமர்வோரைப் பங்க்தியைத் தூய்மையாக்குவோர், மாசுபடுத்துவோர் என இரு கூறாக்குகிறது. ஆகவே பந்தி வெறும் இருக்கை வரிசையன்று. யார் அருகில் யார் அமரலாம் என்பதை வரையறுக்கும் எல்லைக்கோடு.

அக்கோடு கொச்சியில் வெளிப்படையாக மீறப்பட்ட நாள் 1917 மே 29. வைப்பின் தீவிலுள்ள செறாயியில், ஈழவர் குடியில் பிறந்த அய்யப்பன் என்னும் இளைஞர், தம் நண்பர்கள் சிலருடன் புலையர்களோடு ஒன்றாக அமர்ந்து உண்டார். சோறும், கடலையும் பலாக்கொட்டையும் சேர்ந்த கறியும்தான் அன்றைய உணவு. ‘மிஸ்ரபோஜனம்’ என்று அது பெயர்பெற்றது. ஈழவர்களுள்ளேயே எதிர்ப்பு மூண்டது, கலந்துண்டோர் விலக்கிவைக்கப்பட்டனர். ‘புலையன் அய்யப்பன்’ என்று இகழ்ந்தனர்; அவர் அதனைப் பெருமையாகவே ஏற்றார். நாராயண குரு அவர் பக்கம் நின்றார். பிற்காலத்தில் கொச்சி அரசில் அமைச்சராகவும் விளங்கிய அவரே சகோதரன் அய்யப்பன். எறணாகுளத்தின் முதன்மைச் சாலைகளுள் ஒன்று இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

ஏழெட்டு ஆண்டுகளில் இதே வினா தமிழகத்தில் எழுந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவிடப்பட்டது. பெற்றோர் விருப்பத்தின்படி செய்த ஏற்பாடு அது என்பது ஐயர் தரப்பு. காங்கிரஸின் நிதியைப் பெற்ற நிறுவனத்தில் இதற்கு இடமில்லை என்று வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் வாதிட்டனர். ஒரு பள்ளியின் சாப்பாட்டு அறையில் தொடங்கிய வழக்கு தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. சென்னை மாகாண இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941 வரை நீடித்தது.

பந்தியோடு ‘சம’ என்னும் அடைமொழி சேர்ந்து ‘சமபந்தி’ என்னும் தொடர் வழங்கியதன் பொருள் இப்பின்னணியில் தெளிவாகும். பந்தி இயல்பாகவே சமமாயிருந்திருப்பின் அந்த அடைமொழி தேவைப்பட்டிராது. மலையாளத்தின் ‘மிஸ்ர’ என்பதும் அத்தகையதே. கலப்பு என்று சொல்லவேண்டியிருந்தது, கலவாமையே வழக்கமாயிருந்ததால். தமிழகத் திருக்கோயில்களில் சுதந்திர நாளன்று நடைபெறும் சமபந்தி விருந்தில் பந்தியும் விருந்தும் ஒரே தொடரில் அமைகின்றன. முன்னே சமன்செய்ய ஒரு சொல் நிற்கிறது.

எறணாகுளத்தின் பிராட்வேயிலோ, உப்பங்கழிக்கு அப்பாலுள்ள மட்டாஞ்சேரியிலோ நண்பர்கள் ஓர் உணவகத்தில் கூடும்போது அருகில் அமர்பவரின் குலத்தை எவரும் கேட்பதில்லை. அங்கே குலத்தின் இடத்தில் விலை நிற்கிறது. அதுவும் ஒரு கோடுதான், எனினும் பிறப்பால் விதிக்கப்பட்டதன்று. பன்னிரண்டு சுவைகளை வரிசையாக உண்ணும் உரிமை தட்டின் அழகால் வந்ததன்று. பிராட்வேயிலிருந்து சில கல் தொலைவிலுள்ள செறாயியில், ஒற்றைக் கறியோடு உண்டு விலக்குண்டவர்கள் அதற்குரிய விலையை முன்னரே கொடுத்துவிட்டனர். வீட்டுத் திருமணப் பந்திகளைப் பற்றியும் இவ்வாறே சொல்ல முடியும் நாளில், ‘சம’ என்னும் அடைமொழி தானே உதிர்ந்துவிடும்.