அவரையின் இடத்தில் வந்தமர்ந்த பீன்ஸ்

திருப்பூருக்கு வடக்கே, பெருமாநல்லூர்ச் சாலையை அடுத்து அமைந்து, 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியோடு இணைக்கப்படும் வரையில் தனி ஊராட்சியாகவே விளங்கிய நெருப்பெரிச்சலில், காலை எட்டரை மணி ஷிப்டுக்குப் பனியன் கம்பெனிக்குப் புறப்பட வேண்டியவர்களின் வீடுகளிலே, இட்லிச் சட்டியின் ஒரு தட்டில் மாவும் மற்றொரு தட்டில் பொடியாக அரிந்த பீன்சும் ஒரே ஆவியில் ஒருங்கே வேகுவது இக்காலத்தில் சர்வ சாதாரணமான காரியம். கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைத் தாளித்து, சின்ன வெங்காயத்தை வதக்கி, வெந்த காயை அதிலே கொட்டிப் புரட்டி, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால் பொரியல் ஆயிற்று. சாறு ஒழுகாமல் டிபன் பாக்ஸின் ஒரு மூலையில் அடங்கியிருந்து, பகலுணவு வேளையில் ரசத்துக்கும் மோருக்கும் ஒருங்கே துணையாகும் பதார்த்தம் இதைப் போல் வேறொன்று இல்லை. இதனைக் கொங்கு நாட்டின் பூர்வீக சம்பத்தென்றே பலரும் எண்ணுகின்றனர். சமைக்கும் முறையைக் குறித்த வரையில் அவ்வெண்ணம் பெரும்பாலும் உண்மை. காயைக் குறித்த வரையில் அது பொருந்தாது. பீன்ஸ் இப்பிரதேசத்துக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிரம்பியிருந்தால் அதிகம். அதற்கு முன் அந்தத் தட்டில் வெந்து கொண்டிருந்த காய் அவரை. அந்த மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும், அதில் நாம் பெற்றது எது, இழந்தது எது என்பதையும் ஆராய்வது வீண் வேலையாகாது என்பது என் துணிபு.

பீன்ஸின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவை உள்ளிட்ட மத்திய அமெரிக்கப் பகுதியிலும், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலிலும், தனித்தனியே பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்குள்ள பூர்வ குடிகள் அதனைப் பயிராக்கினர். 1492-இல் கொலம்பஸ் அக்கண்டத்தின் தீவுகளில் கரையிறங்கிய பின்னர், மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, தக்காளி முதலியவற்றோடு பீன்ஸும் கடல் கடந்தது. அவற்றுள் மிளகாய் போர்த்துகீசியரோடு பதினாறாம் நூற்றாண்டிலேயே மேலைக் கடற்கரையில் இறங்கி, மிளகு அதுகாறும் வகித்து வந்த ஸ்தானத்தைச் சில தலைமுறைகளுக்குள் கைப்பற்றிக் கொண்டது. பீன்ஸுக்கோ சமவெளியின் வெயில் ஒவ்வாது; மிகுந்த உஷ்ணத்தில் அதன் பூக்கள் காயாக மாறாமல் உதிர்ந்துவிடும். அதற்கேற்ற குளிர்ந்த மண், கொங்கு நாட்டின் மேற்கெல்லையில் மதில் போல் உயர்ந்து நிற்கும் நீலகிரியில் இருந்தது.

கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரிக்குச் சென்று, பின்னர் உதகமண்டலத்தில் கல் வீடு கட்டிக் குடியேறி, ஐரோப்பியக் காய்கறிகளையும் பழமரங்களையும் அங்கே பயிரிட்டுப் பார்த்ததிலிருந்து இக்கதை தொடங்குகிறது எனலாம். 1840-களில் உதகையிலிருந்த வெள்ளையர்கள் மாதச் சந்தா கொடுத்துத் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளை விளைவித்துக் கொள்ள ஒரு தோட்டம் அமைத்தனர். அம்முயற்சியின் தொடர்ச்சியாக 1848-இல் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்னும் தோட்டக்கலை நிபுணரின் பொறுப்பில் உருப்பெறத் தொடங்கியதே இன்று லக்ஷக்கணக்கான ஜனங்கள் கண்டு களிக்கும் தாவரவியல் பூங்கா. மலர்க் கண்காட்சிக்காகப் பிரசித்தி பெற்ற ஒரு நந்தவனம் காய்கறிச் சந்தாவிலிருந்து முளைத்தது என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே. துரைமார்களின் மேஜைக்காக விளைந்த காய் மலையை விட்டு இறங்குவதற்குப் பாதையும் வாகனமும் வேண்டியிருந்தன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், உதகமண்டலம் வரை 1908-லும் மலை ரயில் ஓடத் தொடங்கிற்று. பின்னர் லாரிகள் பெருகின. மலைக்காய்கள் மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையத்து மண்டிகளில் இறங்கி, அங்கிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு என்று பரவலாயின. பீன்ஸும் காரட்டும் கோசும் சமவெளிச் சமையற்கட்டினுள் நுழைந்த வழி இதுதான். 'இங்கிலீஷ் காய்' என்று முதியோர் அவற்றை வழங்கியதும், சிராத்தம் முதலிய வைதிக காரியங்களில் இன்றளவும் பல குடும்பத்தார் அவற்றை விலக்குவதும், அவை பிற்காலத்து வரவு என்பதற்குச் சமூகமே எழுதி வைத்திருக்கும் சாசனமாகும்.

அவரையின் கதை இதனினும் நெடியது. அதுவும் ஆதியில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த விருந்தாளியே என்று தாவரவியலார் கூறுவர். ஆயினும் தக்காணத்தின் புதிய கற்கால ஊர்களின் சாம்பல் மேடுகளை அகழ்ந்தோர் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட படிவுகளில் அதன் கருகிய விதைகளைக் கண்டெடுத்திருப்பதால், அதனை இந்நாட்டுப் பிரஜையாகவே கருதுவதில் பிழையில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், முல்லை நிலத்து மக்கள் வரகுச் சோற்றோடு அவரைப் புழுக்கைக் கலந்து விருந்தினர்க்கு இடுவதாகவும், அது வேங்கைப் பூவின் நிறத்தையொத்து விளங்குவதாகவும் வர்ணனை வருகிறது. மஞ்சள் பூத்த அந்த நிறத்தைக் கொண்டு அது பருப்பாகவே இருக்க வேண்டும் என்று கொள்வது பொருத்தம். எனினும் சிறுதானியச் சோறு, அதற்குத் துணையாக வெந்த அவரை என்னும் ஜோடி எத்தனை பழமையானது என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

குறுந்தொகையின் ஒரு பாட்டு இதனினும் நுட்பமான செய்தியைத் தருகிறது. குறவன் தினை அறுத்துவிட்ட புனத்திலே, எஞ்சிய தாளின்மேல் அவரைக்கொடி படர்ந்து முன்பனிக் காலத்தில் பூப்பதாக அப்பாட்டில் தலைவி கூறுகிறாள். அக்காலம் வந்தும் தலைவன் வரவில்லை என்பதே அவளுடைய துயரம். ஆனால் அவ்வளவில் இரண்டு வேளாண் உண்மைகள் பதிவாகிவிட்டன. தானியத்தோடு அவரையைக் கலந்து விதைத்து, தானியம் அறுவடையான பின் அவரையை நின்று காய்க்கவிடும் கலப்புப் பயிர் முறை ஒன்று. பழைய நாட்டு அவரை பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும் என்பது மற்றொன்று. ஆடிப் பட்டத்தில் ஊன்றிய விதை எத்தனை செழித்துக் கொடியோடினாலும் மார்கழியை ஒட்டியே பூச்சொரியும். தை பிறக்கும்போது காய் குலுங்கும். பொங்கலன்று அவரைக்காய்ப் பொரியலும் மொச்சைக் குழம்பும் இலையில் இடம் பெற்றதன் காரணம் இந்தச் சூரிய கதியே.

நெருப்பெரிச்சலும் அதைச் சூழ்ந்த ஊர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் வறண்ட பூமி. கொங்கு நாட்டார் தம் நிலத்தைத் தோட்டம் என்றும் காடு என்றும் இருவகையாகப் பிரித்தே பேசுவர்: கிணற்றில் கவலை பூட்டி, எருதுகள் சரிவில் இறங்கி ஏறி நீர் இறைக்கப் பாய்ந்தது தோட்டம், வானத்தை நம்பிக் கிடந்தது காடு. கோயமுத்தூர் ஜில்லா மானுவலை 1887-இல் எழுதி வெளியிட்ட நிக்கல்சன் இந்த ஜில்லாவின் கிணற்றுப் பாசனத்தை விரிவாகவே விவரித்திருக்கிறார். காட்டிலே சோளமும் கம்பும் விதைக்கையில் அவரை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றை உடன் கலந்து விதைப்பது குடியானவர்களின் சம்பிரதாயம். சோளம் மனிதனுக்குச் சோறாயிற்று; அதன் தட்டு மாட்டுக்குத் தீவனமாயிற்று; அவரை பச்சையில் காயாகவும், முற்றிய பின் பருப்பாகவும், கொடி காய்ந்த பின் தீனியாகவும் பயன்பட்டதோடு, தன் வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கே உரமும் இட்டது. குறவனின் தினைப்புனத்தில் புலவர் கண்ட ஏற்பாடு, பனியன் வரும் வரையில் நொய்யற்கரைப் பிரதேசத்தில் அறுபடாமல் நடந்து வந்தது என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

ஆவியில் வேகவைக்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் பாரத நாட்டில் யாத்திரை செய்த சீனத் துறவி யுவான் சுவாங், இந்நாட்டாரிடம் ஆவியில் சமைக்கும் பாத்திரம் இல்லை என்று குறித்திருக்கிறார். அதனை ஆதாரமாகக் கொண்டு, இட்லியின் ஆவிமுறை இந்தோனேசியாவிலிருந்து வந்திருக்கலாம் என்று உணவுச் சரித்திர ஆசிரியர் கே. டி. ஆச்சயா ஊகித்தார். அவருடைய புலமையில் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆனால் இந்த ஊகத்தை ஏற்க மனம் ஒப்பவில்லை. பானையில் பாதி நீர் விட்டு, அதன் வாயை வெள்ளைத் துணியால் வேடு கட்டி, துணியின்மேல் பண்டத்தை வைத்து மற்றொரு சட்டியால் மூடுவதற்குத் தனிப் பாத்திரம் எதுவும் வேண்டியதில்லை. பாத்திரம் காணாத யாத்திரிகர் முறையும் இல்லையென்று எழுதியிருத்தல் கூடும். கொங்கு வீடுகளில் சந்தகைக்கு மாவை வேகவைத்ததும், நெல்லைப் புழுக்கி அரிசியாக்கியதும் ஆவியின் இயல்பை நன்கறிந்த கைகளின் வேலைகளே.

அந்த அறிவில் சாஸ்திரமும் அடங்கியிருக்கிறது. காயை மிகுந்த நீரில் வேகவைத்து வடித்தால் சி வைட்டமினும் ஃபோலிக் அமிலமும் நீரோடு போய்விடும். ஆவியிலோ காய் நீரைத் தொடுவதே இல்லையாதலால் நஷ்டம் குறைவு. காயின் பசுமைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவே மக்னீசியம் என்னும் தாது வீற்றிருக்கிறது. நெடுநேரம் வெந்தால் காயிலிருந்தே கசியும் அமிலம் அதனை வெளியேற்றிவிட, நிறம் மங்கிப் பழுப்பேறுகிறது. சமையல் சோடா ஒரு சிட்டிகை இட்டு நிறத்தைக் காப்பாற்ற முயல்வோர் உண்டு. அப்பொழுது காய் குழைவதோடு பி1 வைட்டமினும் அழிகிறது. பொடியாக அரிந்த காய்க்கு ஏழெட்டு நிமிஷ ஆவி போதும்; நறுக்கென்ற பதம் தெரியும்போதே இறக்கிவிட வேண்டும்.

இனி, அவரை பின்வாங்கிய வரலாறு. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920-களில் வேரூன்றியது. 1932-33-இல் பைக்காரா நீர்மின்சாரம் சமவெளியை எட்டிய பின்னர்க் கோவை வட்டாரமெங்கும் ஆலைகளும் மோட்டார்க் கிணறுகளும் பெருகின. 1970-களின் பிற்பகுதியில் ஏற்றுமதி தொடங்கியதும் ஊரின் எல்லை நாற்புறமும் விரிந்தது. சோளக்காடுகள் மனைகளாயின, மனைகளின்மேல் பனியன் கம்பெனிகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் எழுந்தன. சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்தது, கிணறுகளையும் கெடுத்தது, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய அளவுக்கு நிலைமை முற்றியது. காடு போன பின் காட்டுப் பயிர் எங்கே நிற்கும்?

பெண்கள் கம்பெனிக்குச் சென்று ஒன்றரை ஷிப்ட் உழைக்கும் ஊரில் காலம் என்பது தனத்தினும் அரிய பொருள். நாட்டு அவரையை ஒவ்வொன்றாக நார் உரித்து, புழு இருக்கிறதா என்று பிளந்து பார்த்து அரிய வேண்டும். பீன்ஸிலோ நாரற்ற ரகத்தை 1894-லேயே நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த கால்வின் கீனி என்பவர் உண்டாக்கிவிட்டார். பிற்காலத்து ரகங்கள் பலவும் அக்குணத்தைப் பெற்றிருப்பதால், இரு முனைகளையும் கிள்ளிவிட்டுக் கைப்பிடியாகச் சேர்த்து வைத்து ஒரே வீச்சில் அரிந்துவிடலாம். அவரைக்குப் பருவம் உண்டு. பீன்ஸோ ஆண்டு முழுதும் கடையில் கிடைக்கும். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களிலிருந்தும், பிற்பாடு பீகார், ஒடிசா முதலிய மாகாணங்களிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள் அனைத்துக்கும் பழக்கமான பொதுக் காயாகவும் அது அமைந்தது. ஆகையால் பீன்ஸ் வென்றதற்காக அந்தப் பெண்களைக் குறை கூறுவது அநியாயம். விடியுமுன் எழுந்து, பத்து நிமிஷத்தில் ஒரு பச்சைக்காயை வேகவைத்துத் தம் குழந்தைகளுக்கும் கணவனுக்கும் கட்டிக் கொடுத்துவிட்டுத் தாமும் தையல் மெஷினுக்குப் போய் அமர்கிறவர்கள், இந்நாட்டு ஆகார மரபைத் தம்மாலியன்ற வழியில் காப்பாற்றியே வருகிறார்கள்.

ஆயினும் அவரையைக் கைவிடலாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். உஷ்ணத்தையும் நீர்ப்பற்றாக்குறையையும் தாங்கும் வல்லமை அதற்கு உண்டு. மலையிலிருந்து லாரியில் வரும் காய்க்கு அது கிடையாது. விளைநிலம் சுருங்கிவிட்ட ஊரிலும் ஒரு கொடி படர்வதற்குக் காம்பவுண்டுச் சுவரும் மொட்டை மாடியும் போதும். வாசகர்கள் வரும் ஆடிப் பட்டத்தில், பழைய விதை வைத்திருக்கும் பெரியவர் எவரிடமேனும் கேட்டு வாங்கி, இரண்டு அவரை விதைகளை ஊன்றிவைக்க வேண்டும்; காய்த்ததும், முற்றவிட்ட நெற்றுகளில் ஒரு பிடியை அடுத்த வீட்டாருக்கும் விதையாகக் கொடுக்க வேண்டும்.