பங்குக் கிணறும் கடவுச்சொல்லும்

கம்பஸ் கணினிக்கூடங்களின் சுவரில் ஒட்டியிருக்கும் விதிகளை நாங்கள் யாரும் முழுதாக வாசிப்பதில்லை. கடவுச்சொல்லை மற்றவருக்குக் கொடுக்காதே, மற்றவரின் கணக்குக்குள் நுழையாதே, வலையமைப்பை வீணாக்காதே. நிர்வாகம் எங்களைக் கட்டிப்போட எழுதின பட்டியல் எண்டுதான் நினைத்துக் கடந்து போகிறோம். ஆனால் இந்த விதிகளில் சில எப்படிப் பிறந்தன எண்டு தேடிப்போனால், அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற மாணவர்கள்தான்.

1960களின் தொடக்கத்தில் கணினி என்பது ஓர் அறையை நிறைத்துக்கொண்டிருந்த இயந்திரம். துளையிட்ட அட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விடைக்கு மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி பல்கலைக்கழகத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோவின் குழு இதற்கு ஒரு மாற்றைச் செய்து காட்டியது. சி.ரி.எஸ்.எஸ் என்ற அந்த முறைமை, ஒரே கணினியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்குப் பங்கிட்டது. யாழ்ப்பாணத்துப் பங்குக் கிணறு தெரிந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிணறு ஒன்று, தோட்டம் பல, ஆளுக்கொரு முறை. ஒருத்தர் தன் முறைக்கு மேல் இறைத்தால் பக்கத்துத் தோட்டம் வாடும்.

பங்கு என்று வந்தால் கணக்கும் வந்துவிடும். ஆருடைய கோப்பு எது, ஆர் எவ்வளவு நேரம் பாவித்தார் என்று பிரித்தறியவே சி.ரி.எஸ்.எஸ்ஸில் கடவுச்சொல் வந்தது. வந்த கொஞ்சக் காலத்திலேயே அது களவும் போனது.

அலன் ஷெர் அங்கே கலாநிதிப் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர். அவருக்குக் கிழமைக்கு 4 மணித்தியாலம்தான் கணினி நேரம். அது காணாது. கோப்பின் பெயரை அட்டையில் துளையிட்டுக் கொடுத்தால் அச்சிட்டுத் தரும் வசதி அங்கே இருந்தது. 1962இல் ஒரு வெள்ளி இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பையே அச்சிடக் கேட்டார். சனி விடிய முதல் போய்த் தாளை எடுத்துக்கொண்டார். பழியைப் பங்கு போட வேண்டும் என்று மற்றவர்களுக்கும் அதைக் கொடுத்தாராம். கால் நூற்றாண்டு கழித்துத்தான் இதை வாய் திறந்து சொன்னார். பட்டம் பறிபோகவில்லை.

கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைத்தால் இதுதான் கதி. அதனால் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் முறைமையை எழுதியவர்கள், அதை மீட்டெடுக்க முடியாதபடி உருமாற்றிச் சேமித்தார்கள். அவர்களில் ரொபேர்ட் மொரிஸும் கென் தொம்சனும் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாவனையாளர்களின் 3289 கடவுச்சொற்களைச் சேர்த்துப் பார்த்ததில் 86 வீதமானவை இலகுவாகக் கண்டுபிடிக்கக்கூடியவை. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் என்ன, சாவியை வாசற்படியிலே வைத்துவிட்டுப் போகிற ஆட்கள் நாங்கள்.

ஒன்பது வருடம் கழித்து அந்தப் பலவீனத்தைப் பாவித்தவர்களில் ஒருவர், அதே மொரிஸின் மகன். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பட்டப்பின் மாணவராக இருந்த ரொபேர்ட் ரப்பான் மொரிஸ், 1988 நவம்பர் 2 இரவு, எம்.ஐ.ரி கணினி ஒன்றிலிருந்து ஒரு நிரலை இணையத்தில் விட்டார். அது மின்னஞ்சல் நிரலின் ஓட்டையாலும் வேறு வழிகளாலும் நுழைந்தது. கடவுச்சொற்களை ஊகித்தும் நுழைந்தது. எந்தக் கோப்பையும் அது அழிக்கவில்லை. ஏற்கெனவே தன் பிரதி இருக்கிற கணினியில் நின்றுவிடவும் அதற்குச் சொல்லியிருந்தது. ஆனால் ஆராவது பொய்யாக 'இருக்கு' எண்டு சொல்லித் தடுத்துவிடக்கூடும் என்பதால், ஏழில் ஒரு தடவை எப்படியும் தங்கிவிடு என்றும் எழுதியிருந்தார். கெட்டது அங்கேதான். ஒரே கணினியில் பிரதிக்கு மேல் பிரதி சேர்ந்து இயந்திரங்கள் மூச்சுத் திணறி நின்றன. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 பாதிக்கப்பட்டன என்று சொல்லப்பட்டது. அது ஊகக் கணக்குத்தான். பல பல்கலைக்கழகங்களில் ஆட்கள் நித்திரையில்லாமல் புழுவைத் துரத்தினது ஊகமல்ல.

அதே மாதம் இணையப் பாதுகாப்புக்கென முதலாவது அவசர உதவி மையம் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவானது. 1989 ஜனவரியில் இணையத்தின் தொழில்நுட்பச் சபை, எவை ஒழுக்கமற்ற பாவனை என்று ஒரு சிறு ஆவணத்தில் பட்டியலிட்டது. அனுமதியின்றி நுழைவது, மற்றவரின் அந்தரங்கத்தைக் குலைப்பது, வளங்களை வீணாக்குவது. வளங்கள் என்பதில் மனிதரையும் சேர்த்திருந்தார்கள். எங்களுக்கு அதில் பிடித்த இடம் அதுதான். மொரிஸுக்கு 1990இல் 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணித்தியாலச் சமூகசேவை, 10,050 டொலர் தண்டம். பின்னர் அவர் எம்.ஐ.ரியிலேயே பேராசிரியரானார்.

இந்தக் கதையை இதோடு முடித்தால் நல்ல நீதிக்கதை. ஆனால் அதே வளாகத்தில் இன்னொருவரும் இருக்கிறார். 2010இன் கடைசி மாதங்களில் ஆரன் சுவார்ட்ஸ், எம்.ஐ.ரி வலையமைப்பின் வழியாக ஜேஸ்டோர் களஞ்சியத்திலிருந்து மில்லியன் கணக்கான ஆய்வுக்கட்டுரைகளைத் தரவிறக்கினார். அதனால் ஜேஸ்டோர் சில நாட்கள் எம்.ஐ.ரி முழுவதற்கும் தன் கதவைச் சாத்தியது. படிக்க வந்த மற்றவர்களுக்கு அது நட்டம்தான், மறைக்கேலாது. பிரதிகளைத் திருப்பிக் கொடுத்தபிறகு ஜேஸ்டோர் அவரோடு இணக்கத்துக்கு வந்தது. அரச வழக்குத் தொடுநர்கள் விடவில்லை. மொரிஸைத் தண்டித்த அதே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழானவையும் சேர்த்து 13 குற்றச்சாட்டுகள். எம்.ஐ.ரி நடுநிலை என்று சொல்லி ஒதுங்கி நின்றது. 2013 ஜனவரி 11இல், 26 வயதில், வழக்கு விசாரணைக்கு வர முன்னரே சுவார்ட்ஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

மூன்று பேரும் விதியை மீறியவர்கள். ஒருத்தருக்குப் பட்டம், ஒருத்தருக்குத் தண்டமும் பிறகு கதிரையும், ஒருத்தருக்குச் சாவு. மீறலின் அளவை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் விளங்காது. விதியைக் கையில் வைத்திருந்தவர்கள் எவ்வளவு நிதானமாக இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எங்கட பல்கலைக்கழகங்களும் லேர்ன் என்ற பொது வலையமைப்பால் இணைந்தவைதான். கூடத்தில் கணக்கை மூடாமல் எழும்பிப் போவது, நண்பனுக்குக் கடவுச்சொல்லைக் கொடுப்பது, எல்லாரும் படிக்கிற நேரத்தில் படம் இறக்குவது எல்லாம் சின்ன விசயமாகத் தெரியும். அடுத்த தோட்டத்துக்குத் தண்ணி போகாதபோதுதான் அதன் அளவு தெரியும். அதேநேரம், ஓர் ஆய்வுக்கட்டுரையைத் திறக்கப் போனால் டொலர் கேட்கும் பக்கம் வந்து நிற்கிற அனுபவமும் எங்களுக்குப் புதிதல்ல. பங்குக் கிணற்றில் முறை தவறக்கூடாது என்று எங்களிடம் கேட்பவர்கள், எங்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சுவர்த்தாளை அடுத்தமுறை நின்று வாசிப்போம். அதை எழுதும்போது மாணவர்களையும் கூப்பிடுங்கோ எண்டும் கேட்போம்.