மெரியான் அம்மையாரின் மடல்கள்

புழுவும் வண்ணத்துப்பூச்சியும் ஒரே உயிரின் இரு நிலைகள் என்பதை இன்று நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவர். ஆனால் 17-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலோ, புழுக்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமே தோன்றுவன என்று கற்றோரிலும் பலர் நம்பி வந்தனர். இத்தாலியரான ரெடி என்பார் 1668-இல் இறைச்சித் துண்டுகளைக் கொண்டு சோதனை நடத்தி அந்நம்பிக்கையை அசைத்தார். அதற்கும் எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்புழுக்களை வளர்த்து, அவற்றின் ஒவ்வொரு நிலையையும் வரைந்துவரத் தொடங்கியிருந்தாள். அவளே மரியா சிபில்லா மெரியான்.

அம்மையார் பிறந்தது 1647-இல். தந்தையார் செப்புத் தகட்டில் படம் செதுக்குவதிலும் நூல் வெளியிடுவதிலும் பெயர் பெற்றவர். மகளுக்கு மூன்று வயதாகும்போதே காலமானார். தாயை மறுமணம் செய்துகொண்ட மலர் ஓவியர் யாக்கோப் மாரெல் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். அம்மையாரின் நூல்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவருடைய கடிதங்களை. 1682 முதல் 1712 வரை அவர் எழுதியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை இருபதுக்கும் குறைவே. நூலில் ஆசிரியர் தம்மை அணிசெய்துகொண்டு நிற்பார். கடிதத்திலோ அடுப்படிக் கவலையும் தலைகாட்டும். அவ்வாறு தலைகாட்டுவதனாலேயே இச்சிறு கட்டு மதிப்புடையதாகிறது.

முதற் கடிதங்கள் நியூரம்பெர்க் நகரின் உயர்குடிப் பெண்ணான கிளாரா ரெகினா இம்ஹோஃப் என்பவருக்கு எழுதப்பட்டவை. திருமணத்திற்குப் பின் அந்நகரில் வாழ்ந்தபோது, அம்மையார் அங்குள்ள கன்னிப் பெண்களுக்கு மலர் ஓவியமும் பூத்தையலும் கற்பித்து வந்தார். அம்மாணவியருள் ஒருவரே கிளாரா. வண்ணங்களைப் பற்றியும், மெருகெண்ணெயைப் பற்றியும், பழைய தோழியரின் நலம் பற்றியும் ஆசிரியை விசாரிக்கிறார். 1685-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், நியூரம்பெர்க் திரும்பும் தம் கணவர் கிராஃபுக்கு நல்லுரை கூறி உதவுமாறு வேண்டுகிறார். அவருக்கு அது தேவைப்படும் என்பதுபோல ஒரு சொல்லும் சேர்க்கிறார். கணவரைப் பற்றி அவர் விட்டுச்சென்ற செய்தி மிகக் குறைவு. அதன்பின் அவர் தம் தாயையும் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு ஹாலந்தின் வடபகுதியான ஃப்ரீஸ்லாந்து சென்று, லபாடியர் என்ற கடுந்துறவுக் கிறித்தவக் குழுவினரோடு ஒரு மாளிகையில் தங்கினார். தேடி வந்த கணவர் திருப்பியனுப்பப்பட்டார். மணவிலக்கு முடிந்தபின் தந்தைவழிப் பெயரையே மீண்டும் சூடிக்கொண்டார். மனமுறிவை ஊரறியப் பேசாத பெண்ணின் கண்ணியம் அந்த ஒரு வரியில் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அம்மாளிகையின் உரிமையாளர் குடும்பத்தவர் ஒருவர் சூரிநாமின் ஆளுநராக இருந்தார். தென்னமெரிக்காவின் வடகரையில் டச்சுக்காரர் கரும்புத் தோட்டம் நடத்திய குடியேற்றம் அது. அங்கிருந்து வந்த பூச்சிகளை அம்மையார் கண்டார். பின் ஆம்ஸ்டர்டாமிலும் செல்வர்களின் பேழைகளில் கண்டார். எல்லாம் ஊசியில் குத்திய உடல்களே. எதைத் தின்றன, எப்படி உருமாறின என்று சொல்வாரில்லை. 1699-இல் தம் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, மரண சாசனமும் எழுதி வைத்துவிட்டு, 52-ஆம் வயதில் இளைய மகளுடன் கப்பலேறினார். அரசரோ கழகமோ அவரை அனுப்பவில்லை.

நோய்ப்பட்டு 1701-இல் திரும்பிய பின், 1702-இல் நியூரம்பெர்க் மருத்துவர் ஃபோல்காமருக்கு எழுதிய மடல் தொகுப்பிலேயே சிறந்தது எனலாம். அந்நாட்டின் வெப்பம் தாங்கற்கரியது, பெரும் இடர்ப்பட்டே எவ்வேலையும் செய்ய முடியும், தாம் உயிரையே விலையாகக் கொடுக்க நேர்ந்திருக்கும், தாம் பிழைத்ததைக் கண்டு அங்குள்ளோரே வியந்தனர் என்றெல்லாம் எழுதுகிறார். அதே மடலில் வணிகமும் வருகிறது. சாராயத்தில் இட்ட முதலை, பாம்புகள், இகுவானா, பல்லி, சிற்றாமை ஆகியவை விலைக்கு உண்டு என்கிறார். வரவிருக்கும் நூலைப் பற்றியும் சொல்கிறார். செப்புத் தகடு செதுக்குவோர் கூலியும் தாளின் விலையும் அவர் தலைமேல் இருந்தன. அறிவுத்தேட்டத்தைக் கடைச்சரக்காக்கினார் என்று சிலர் குறை கூறலாம். கையூன்றிக் கரணம் போட்டே வீடு நடத்திய பெண்ணுக்கு வேறு வழி யாது என்று அவர்கள் சொல்லட்டும்.

1705-இல் வெளிவந்த அந்நூல் சூரிநாமின் பூச்சிகளது உருமாற்றத்தை 60 படங்களில் காட்டியது. முட்டை, புழு, கூடு, பூச்சி ஆகியவற்றோடு, அவை உண்ணும் செடியையும் ஒரே பக்கத்தில் வரைந்தார். சர்க்கரையன்றி வேறொன்றையும் தேடுவதற்காகத் தம்மைத் தோட்ட முதலாளிகள் எள்ளி நகையாடினர் என்று அதில் பதிந்துள்ளார். நம் ஊர்த் தோட்டங்களிலும் பூக்கும் மயிற்கொன்றையின் படமும் அதிலுண்டு. முதலாளிகளின் கொடுமை பொறாத அந்நாட்டு அடிமைப் பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று அதன் விதையால் கருவைக் கலைத்துக்கொள்கின்றனர் என்று அவர்கள் வாயிலாகவே கேட்டு எழுதினார். ஆயினும் அவரும் அடிமைகளிடம் வேலை வாங்கியவரே. காட்டில் வழி வெட்டியோரும் புழு கொணர்ந்தோரும் அந்நூலில் பெயரின்றியே நிற்கின்றனர். அம்மையாருடன் கப்பலில் ஹாலந்து சென்ற செவ்விந்தியப் பெண்ணொருத்திக்கும் அக்கதியே. அவள் வாய்மொழியாக நமக்கு ஒரு வரியும் இல்லை. (பின்னாளில், 1890 முதல், டச்சுக்காரர் ஜாவாவிலிருந்து கூலிகளைக் கொணர்ந்தனர், அவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சூரிநாமில் இன்றும் நம் சமயத்தார் கணிசமாக வாழ்கின்றனர்.)

தேனீ, எறும்பு, சிலந்தி ஆகியவற்றின் பெயர் தாங்கிய அத்தியாயங்களைத் திருமறையில் ஓதும் நமக்கு, சிற்றுயிரை உற்றுநோக்குதல் அயலான செயலன்று. பஸ்ராவின் அல்-ஜாஹிஸ் 9-ஆம் நூற்றாண்டிலேயே உயிரினங்களைப் பற்றிப் பெருநூல் யாத்தார். மெரியான் அம்மையாரும் தம் புழு நூலின் முகவுரையில், இப்பணியால் விளையும் புகழ் தமக்கன்று, படைத்தவனுக்கே என்னும் கருத்தை எழுதியிருக்கிறார். வேறு சமயத்துப் பெண்மணியாயினும் அந்நோக்கு நமக்கு விளங்கக்கூடியதே.

இலண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். உலகெங்குமிருந்து பூச்சிகளையும் உலர்ந்த இலைகளையும் சேர்ப்பதில் அவருக்குத் தீராத ஆசை. அவர் அம்மையாருக்கும் பூச்சிகளை அனுப்பினார். 1705-இல் வந்த மறுமொழி, பணிவான சொற்களில் அமைந்த மறுப்பு. தமக்கு இன்னும் பூச்சிகள் வேண்டுவதில்லை. அவை எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு பெருகுகின்றன, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வெளிவருகிறது, அவற்றின் உணவு யாது என்பவற்றையே தாம் தேடுவதாக எழுதினார். நூல்களில் இதனை இத்துணைத் தெளிவாக அவர் ஓரிடத்தில் தொகுத்துரைத்ததாக நாம் காணவில்லை. ஊசியோடு தொடங்கி ஊசியோடு முடிந்த ஒரு காலத்து ஆய்வுக்கு, மருந்துக் கடைக்காரர் ஒருவருக்கு எழுதிய சில வரிகளில் மறுப்புக் கிடைத்துவிட்டது!

நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டு ஆன் அரசியாருக்குக் காணிக்கையாக்கவும் அவர் விரும்பினார். ஒரு பெண் மற்றொரு பெண்ணுக்கு அதைச் செய்வது பொருத்தமென்று கருதினார். அது கைகூடவில்லை.

இக்கடிதங்கள் தப்பியதற்கு அவற்றைப் பெற்றோரின் வசதியே காரணம். இம்ஹோஃப் குடும்பம் தன் ஆவணங்களைக் காத்து வைத்தது. ஃபோல்காமருக்கு எழுதியவை பின்வந்த மருத்துவர் ட்ரூ என்பாரின் கடிதத் தொகுப்பில் சேர்ந்து எர்லாங்கன் பல்கலைக்கழகத்தை அடைந்தன. பெண்மக்களுக்கும் எளிய தோழியருக்கும் அம்மையார் எழுதியிருக்கக்கூடியவற்றைக் காக்க அத்தகைய அலமாரிகள் இல்லை.

அம்மையார் 1717 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாமில் மறைந்தார். மறு ஆண்டு பெட்டிவரும் மறைந்தார். அவர் சேர்த்த செத்த பூச்சிகள், உலர்ந்த இலைகள், தாள்கள் அனைத்தையும் சர் ஹான்ஸ் ஸ்லோன் மொத்தமாக விலைக்கு வாங்கினார். பூச்சிகள் வேண்டா என்று எழுதிய மடலும் அந்தத் தாள்களுக்குள்ளே இருந்தது. இன்று அது இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.