மூன்றா, ஒன்றா?

நூறு பேர். அவர்களுள் ஐம்பது பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டனர்; அந்த ஐம்பதில் 10 பேர் நோயுற்றனர். போட்டுக்கொள்ளாத ஐம்பதில் 20 பேர் நோயுற்றனர். (எண்கள் கணக்கின் வசதிக்காக நான் வைத்துக்கொண்டவை.) ஊசி காத்ததா, அல்லது இது வெறும் தற்செயலா?

இத்தகைய வினாவுக்கான கருவியே கை-வர்க்கச் சோதனை. இலண்டன் பேராசிரியர் கார்ல் பியர்சன் 1900-இல் இதனை வெளியிட்டு, 1904-இல் இவ்வகை அட்டவணைகளுக்கும் விரித்தார். ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையெனக் கொள்வோம். மொத்த நோயாளிகள் 30. ஆகவே பிரிவுக்கு 15 பேர் நோயுற்றும் 35 பேர் நலமாகவும் இருத்தல் வேண்டும். நான்கு கட்டங்களிலும் வேறுபாடு 5. அதன் வர்க்கத்தை எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, நான்கையும் கூட்டினால் 4.76 வருகிறது.

இது பெரிய எண்ணா? இங்கேதான் வழக்கு எழுந்தது. கட்டங்கள் நான்கு, ஒன்றைக் கழித்தால் உரிமைப்படிகள் மூன்று என்றார் பியர்சன். அப்படியானால் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகவே நூற்றுக்கு 19 முறை நேரும். ஊசியைப் பாராட்ட இடமில்லை. உரிமைப்படி ஒன்றே எனில் நூற்றுக்கு 3 முறைதான் நேரும்!

டைபாய்டு, காலரா தடுப்பூசிக் கணக்குகளை 1915-இல் ஆராய்ந்த கிரீன்வுட்டும் யூலும், விகிதங்களை நேராக ஒப்பிடும் முறையும் பியர்சன் முறையும் முரண்படுவதைக் கண்டனர். முடிச்சை 1922-இல் அவிழ்த்தவர் ரோதாம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தின் ஆர்.ஏ. ஃபிஷர். ஓரத்து மொத்தங்கள் 50, 50, 30, 70 ஆகியவற்றை நாம் தரவிலிருந்தே எடுத்துக்கொண்டோம். அவற்றை மாற்றாமல் ஒரு கட்டத்தில் 10 என எழுதிப் பாருங்கள். மற்றவை 40, 20, 30 எனத் தாமே அமைந்துவிடும். ஆகவே உரிமைப்படி ஒன்றே. இரு அணுக்களை ஒரு தண்டால் பிணைத்தால் ஆறு உரிமைப்படிகள் ஐந்தாகக் குறைவதைப் பயின்ற இயற்பியல் மாணவருக்கு இதில் வியப்பிராது.

பியர்சன் ஏற்கவில்லை. காற்றாலையோடு போரிட்ட டான் குவிக்ஸோட்டுக்கு ஃபிஷரை ஒப்பிட்டு எழுதினார். மூத்தவரின் சினம் எனக்குப் புரிகிறது. ஆயினும் கணக்கு அவர் பக்கம் இல்லை.

பியர்சனின் மகன் எகான் வேறொரு நோக்கத்திற்காகச் சுமார் 12,000 நான்கு-கட்ட அட்டவணைகளைச் சோதனை முறையில் தொகுத்து 1925-இல் வெளியிட்டிருந்தார். தந்தையின் கூற்றுப்படி அவற்றின் கை-வர்க்கச் சராசரி 3 ஆக வேண்டும். ஃபிஷர் 1926-இல் அந்த எண்களையே எடுத்துக் கணக்கிட்டுக் காட்டினார். சராசரி ஏறத்தாழ 1.